கம்பும் கவட்டையும்

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் இடையில்
என் கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ரெண்டு ஸ்டூல்.
பக்கம் முப்பது ரூபாய்.
ஆங்கிலம் என்றால் ஐம்பது.

முக்கூடலிலிருந்து முப்பிடாதி வந்தாள்.
இருபத்திரண்டு வருஷம் பீடி சுற்றியவள்.
பாஸ்புக்கில் பாதியைக் கரையான் தின்றிருந்தது.
"சேர வேண்டிய பணத்தக் கேட்டு எழுது பிள்ள.
மேலாபீசு மங்களூர்ல இருக்காம், தமிழ் செல்லாதாம்.
கஷ்டப்பட்டு ஒழச்சேம்னு மொதல்ல போடு.
மத்ததெல்லாம் பெறவு."

போட்டேன்.
அழகு, அழகாக. வேகம், வேகமாக.
நம் பக்கம் ஓர் 'ஆக' சேர்த்தால் போதும்,
எந்தச் சொல்லும் வேலைக்குக் கிளம்பிவிடும்.
அவர்கள் பக்கம் அதற்கு எல், ஒய்.
கடினம் ஹார்ட் என்றால் கடினமாக ஹார்ட்லி.
மோதிர விரல் ஒரு தட்டு, ஆள்காட்டி ஒரு தட்டு.
திரையில் சிவப்புக் கோடு விழவில்லை.
எழுத்துப் பிழை இருந்தால்தானே.

நாற்பத்தொரு நாள் கழித்துப் பதில் வந்தது.
மூன்றே வரி.
தாங்களே எழுதியிருக்கிறபடி
இந்த அம்மாள் வேலையே பார்க்கவில்லை போலிருக்கிறதே,
பிறகு எந்தப் பணம் என்று
மரியாதை குறையாமல் கேட்டிருந்தார்கள்.
கூடவே என் கடிதத்தின் நகல்.
ஹார்ட்லியைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம்.

அகராதியைப் பிரித்தேன்.
ஹார்ட்லி: அரிதாக. ஏறக்குறைய இல்லை என்னும்படி.

இலையை நனைத்து, தகரம் வைத்து வெட்டி,
தூள் அள்ளிச் சுருட்டி, நகத்தால் வாய் மடக்கி
நாளுக்கு ஆயிரம்,
அதில் காண்டிராக்டர் கழித்துப்போட்டது நூறு,
மாசமாயிருந்தபோது சுளகு வயிற்றில் முட்ட
எட்டி எட்டிச் சுற்றியது,
எல்லாவற்றையும்
இரண்டு விரலால் நடக்காததாக ஆக்கியிருக்கிறேன்.

அன்று ராத்திரி பழைய கடிதங்களைத் திறந்து பார்த்தேன்.
டோனாவூர் தேவசகாயத்துக்கு
பென்ஷன் 'லேட்லி' வருகிறது என்று அடித்திருக்கிறேன்.
தாமதமாக என்று நினைத்து.
சமீப காலமாக வருகிறதாம்.
நல்ல செய்தி என்று ஃபைலை மூடியிருப்பார்கள்.

ஆங்கிலத்தைத் திட்ட வாயெடுத்தேன். முடியவில்லை.
நம் வீட்டிலும் கிடக்கிறது இதே குழி.
அரிதின் உழைத்தாள் என்றால் உயிரைக் கொடுத்து.
அரிதாக உழைத்தாள் என்றால்
தீபாவளிக்குத் தீபாவளி.
வேர் ஒன்றுதான்.
வாலைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்ல முடிகிறது.

முப்பிடாதியிடம் சொல்லிவிட்டேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்;
மறுத்துட்டாவக்கா என்றால் நம்பியிருப்பாள்.
கத்துவாள் என்று காத்திருந்தேன்.
"எந்த எழுத்துட்டி அது?"
காட்டினேன்.
"இந்தக் கம்பும் இந்தக் கவட்டையுமா?"
"ஆமாக்கா."
"இம்புட்டுத்தானா?"

பெருவிரலை அதன்மேல் வைத்தாள்.
நகம் தேய்ந்து, ஓரமெல்லாம் தூளின் நிறம் ஏறிய விரல்.
"இப்பம் சரியா இருக்கா?"
எட்டிப் பார்த்தேன்.
விரலுக்கு இந்தப் பக்கம் ஹார்ட் மட்டும் நின்றது.
அதை வினைக்குப் பின்னால் தள்ள வேண்டும், அது வேறு கதை.
சரியா இருக்கு என்றேன்.
"அப்பம் இப்பிடியே அனுப்பு" என்றாள்
விரலை எடுக்காமல்.

புதிதாக அடித்தேன். காசு வேண்டாம் என்றேன்.
ஐம்பது ரூபாயை மவுஸுக்கு அடியில் செருகிவிட்டு
முக்கூடல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இன்றைக்கு அறுபதாவது நாள்.
தபால்காரர் இளநீர் குடிக்கிறார்.
நான் அவர் பையைப் பார்க்கிறேன்.